நாலு அங்குலம் உயர்த்திய ஜீப்

போன கிழமை, என் கராஜில் வேலை பழகிய உங்களில் ஒருவர் என் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். சின்ன ஜீப் ஒன்று. அதன் கீழே உழவு மெஷினுக்குப் போடுகிற மாதிரி நாலு ரயர். கதவைத் திறந்து உள்ளே ஏறுவதென்றால் ஒரு கதிரையாவது வைக்கவேண்டும். படத்துக்குக் கீழே "எப்பிடி பாஸ்?" என்று எழுதி, சிரிக்கிற முகம் ஒன்றும் போட்டிருந்தார்.

நான் பதில் போடவில்லை. போட்டிருந்தால் ஏதாவது கெட்ட வார்த்தை வந்திருக்கும். இரண்டு நாள் பொறுத்து இந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும். ஆனாலும் கதைப்பதைவிட எழுதுவது எனக்கு இலகு. எழுதும்போது முன்னால் ஒருவரும் நின்று முகத்தைப் பார்ப்பதில்லை. தோட்டவெளிக் கராஜில் முப்பது வருசம் நின்றேன். இடுப்பு விட்டுவிட்டதால் ஐம்பத்திரண்டு வயதில் சாவியை உங்கள் கையில் தந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். எழுத்துப் பிழைகளை மகள் திருத்தியிருக்கிறாள். மற்றப் பிழைகள் எல்லாம் என்னுடையவை.

ஜீப் வாங்குகிறவர்களுக்குக் காய்ச்சல் மாதிரி ஒரு வருத்தம் வரும். வாங்கி மூன்று மாதத்துக்குள் அதை உயர்த்தவேண்டும் என்று தோன்றிவிடும். எங்கேயோ மலையிலும் ஆற்றிலும் ஓடுகிற ஜீப்பைப் போனில் பார்ப்பார்கள். மன்னார்த் தீவில் மலை எங்கே இருக்கிறது? பாலத்து ஏற்றம்தான் எங்களுக்கு மலை. ஆனாலும் உயர்த்தவேண்டும். எத்தனை அங்குலம் என்றும் முடிவெடுத்துவிட்டுத்தான் கராஜுக்கு வருவார்கள். ஏன் என்று கேட்டால் கோபம் வரும்.

நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. எது முட்டுகிறது? வண்டியின் எந்த இடம், எந்தப் பாதையில், எதில் முட்டுகிறது? அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு நட்டையும் கழற்றாதீர்கள்.

தாழ்வுபாடு ஊரில் இருந்து கருவாடு ஏற்றுகிற ஒருவர் ஒருமுறை வந்தார். "மணலுக்குள்ள புதையுது பாஸ், பாடியை ரெண்டு இன்ச் தூக்கிவிடுங்கோ" என்றார். பாடியை உயர்த்துவது என்றால் என்ன? சேசிஸ் என்கிற அடிச்சட்டத்துக்கும் பாடிக்கும் நடுவில் கட்டைகளை வைத்து, பாடியை மட்டும் மேலே தூக்கிவிடுகிறோம். சேசிஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். எஞ்சினும் அதே இடம். பின் சில்லுகள் இரண்டுக்கும் நடுவே பானை மாதிரித் தொங்குகிற டிப்ரன்ஷலும் அதே இடம். மணலில் உரசுவது அந்தப் பானை. கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறவனுக்குத் தலையில் தொப்பி வைத்துவிட்டால் அவன் உயர்ந்துவிடுவானா? இதை நான் அவருக்குச் சொல்லவில்லை. மனதுக்குள் சொல்லிக்கொண்டு, கேட்டபடி செய்து கொடுத்தேன். பத்து நாளில் திரும்பி வந்தார்.

"அதே இடத்திலதான் பாஸ் புதையுது. இப்ப உயரத்தில இருந்து பாக்கிறன், அவ்வளவுதான்."

ஸ்பிரிங்கை மாற்றி உயர்த்தினால் சேசிஸும் சேர்ந்து உயரும், வண்டியின் வயிறு உயரும். அப்போதும் அந்தப் பானை உயராது. அது சில்லுகளோடு சேர்ந்தது. பெரிய ரயர் போட்டால் மட்டும் அது உயரும். பெரிய ரயருக்கு இடம் வேண்டும் என்பதற்காகத்தான் பாடியையோ ஸ்பிரிங்கையோ உயர்த்துகிறார்கள். இதுதான் ஒழுங்கு. இப்போது ஒழுங்கு தலைகீழாகி, உயரமே ஒரு சோடினையாகிவிட்டது. அந்தக் கருவாட்டுக்காரருக்கு நான் கடைசியில் செய்தது, மணலில் இறங்குமுன் நாலு ரயரிலும் காற்றைக் குறைக்கக் காட்டிக்கொடுத்தது மட்டும். ரயர் பரந்து நின்றது, ஜீப் ஓடியது. மனுசனுக்குச் சந்தோசமே இல்லை. காற்றைக் குறைத்ததை யாருக்குக் காட்டிப் பெருமைப்படுவது?

அது சின்னப் பிழை. ஒருவருக்கும் ஆபத்தில்லை. இனிச் சொல்லப்போவது அப்படியல்ல.

அரிப்பு என்கிற ஊர்ப் பக்கம் ஒரு கரைவலைச் சம்மாட்டி இருந்தார். நாற்பது பேர்வரை அவருடைய வலையை இழுத்துப் பிழைத்தார்கள். கடற்கரையில் வலையும் மீனும் வைக்க இரண்டு வாடியும் ஒரு சின்ன ஜீப்பும் வைத்திருந்தார். அடுத்த வாடிக்காரரிடமும் அதே மாதிரி ஒரு ஜீப் இருந்தது. அதை அந்த மனுசன் வெளியூரில் எங்கேயோ கொடுத்து உயர்த்திக்கொண்டு வந்திருந்தார். வருத்தம் அங்கே தொடங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சம்மாட்டி கராஜுக்கு வந்தார்.

"பாஸ், நாலு இன்ச் தூக்க வேணும்."

"எது முட்டுது, சம்மாட்டியார்?"

"ஒண்டும் முட்டேல்லை."

"அப்ப ஏன்?"

"அவன்ர மூண்டு இன்ச்."

இதற்குமேல் என்ன கேட்பது? ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஊரில் திருநாள். பூசை முடிந்ததும் புனிதரின் சொரூபத்தை ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வருவது வழக்கம். அந்த வருசம் சுற்றுப்பிரகாரத்துக்குத் தன் ஜீப்பைத் தருவதாகப் பங்குச் சுவாமியிடம் இவர் சொல்லிவிட்டார். மேலே மூடுகிற துணியைக் கழற்றி, பின்பக்கம் பலகை அடித்துச் சோடித்து, சொரூபத்தை நிறுத்தி, அதன் காலடியில் சம்மனசு வேடம் போட்ட பிள்ளைகளை இருத்துவதாக ஏற்பாடு.

"தோளில தூக்கினா தூக்கிற ஆக்களைத்தான் தெரியும். உயரத்தில வைச்சாத்தானே அவரைத் தெரியும்?" என்றார்.

"எப்ப வேணும்?"

"நாளைக்குப் பின்னேரம்."

நாலு அங்குலத்தை ஒரே வேலையில் எடுக்க முடியாது. ஸ்பிரிங்கில் இரண்டு, பாடியில் இரண்டு என்று மனதுக்குள் பிரித்தேன். அகலம் குறைந்த சின்ன ஜீப்புக்கு அந்த இரண்டில் ஒன்றே போதும் போதும் என்றிருக்கும். இரண்டையும் சேர்த்தால் வளைவில் திரும்பும்போது வண்டி ஒரு பக்கம் சரிந்து யோசிக்கும். அதன் மேலே ஒரு சொரூபமும் பிள்ளைகளும். 'ஒன்றைத் தேர்ந்தெடுங்கோ, இரண்டும் வேண்டாம்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஓம்" என்று வந்தது. பெரிய ஆட்கள் முன்னால் நின்றால் எனக்கு அந்த ஒரு சொல்தான் வரும்.

பாடிக்குக் கீழே வைக்கும் கட்டைகளைக் கடைவதற்காகப் பட்டினத்தில் லேத் வைத்திருந்த, நானா என்று நாங்கள் கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணரிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கை சுத்தம், வாய் காரம். ஜும்ஆத் தொழுகைக்குப் போவதற்காகக் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, மூஞ்சி இப்பிடி இருக்கு?"

"ஒரு ஜீப்பைத் தூக்க வேணும் நானா."

"எவ்வளவு?"

"ரெண்டும் ரெண்டும் நாலு."

"ஏன், ஆள் ஜீப்பில இருந்துகொண்டு பனையில நொங்கு வெட்டப் போறாரோ?"

"நாளைக்கு வேணுமாம்."

"கட்டையை இண்டைக்குப் பின்னேரம் தருவன். ஸ்டியரிங் தண்டுக்கு என்ன செய்யப் போறாய்?"

என் பயமும் அதுதான். ஸ்டியரிங்கில் இருந்து கீழே இறங்குகிற தண்டு பாடியோடு நிற்கிறது. அது போய்ச் சேருகிற பெட்டி சேசிஸில் இருக்கிறது. பாடியை மேலே தூக்கினால் தண்டும் மேலே போகும். அதன் நுனியில் உள்ள பற்கள் கீழே ஒரு மூட்டுக்குள் புகுந்து பிடித்துக்கொண்டிருக்கும். தண்டு மேலே போக அந்தப் பிடி குறைந்துவிடும். அதற்காக நடுவில் ஒரு நீட்டுத் துண்டு கடைந்து வைக்கவேண்டும். வைக்காமல் விட்டால் ஒருநாள் ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் திருப்ப, சில்லு தன் இஷ்டத்துக்குப் போகும்.

"அதையும் நீங்கள்தான் கடைஞ்சு தரவேணும்" என்றேன்.

"நாளைக்குக் காலமை வா" என்றார்.

சனிக்கிழமை காலையில் கரண்ட் போனது. பத்து மணிக்கு இல்லை, பன்னிரண்டு மணிக்கு இல்லை. இரண்டு மணிக்கு நானாவுக்குப் போன் எடுத்தேன்.

"லேத்தைக் கையால சுத்தவோ நான்?" என்றார்.

"நாலு மணிக்குச் சம்மாட்டி வந்திடுவார்."

"வந்தா வரட்டும். முடியேல்லை எண்டு சொல்லு. நாக்கு என்னத்துக்குத் தந்திருக்கு?"

அந்த நேரத்தில் ஸ்பிரிங் மாற்றி முடித்துவிட்டேன். பாடியும் புதுக் கட்டைகளுக்கு மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. தண்டு மட்டும்தான் மிச்சம். அதை நீட்டக்கூடிய அளவுக்கு நீட்டி, மூட்டுக்குள் செருகிப் பார்த்தேன். பற்கள் உள்ளே நின்றது என் சுண்டுவிரல் நகத்தளவு. ஆணியை இறுக்கினேன். ஸ்டியரிங்கை இந்தக் கரை மட்டும் அந்தக் கரை மட்டும் திருப்பினேன். சில்லு திரும்பியது. கராஜ் வளவுக்குள் இரண்டு முறை சுற்றினேன். நன்றாகத்தான் ஓடியது.

சுற்றுப்பிரகாரம்தானே, நடக்கிற வேகம்தானே, ஊர்த் தார் ரோட்டுதானே, ஒரு நாள்தானே, திங்கட்கிழமை நீட்டுத் துண்டைப் போட்டுவிடலாம்தானே. இப்படி ஐந்து 'தானே' சொல்லி என்னை நானே சமாதானப்படுத்தினேன். வேலை செய்யும்போது உங்கள் வாயில் இந்தச் சொல் வந்தால், கையில் உள்ள ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வாருங்கள்.

நாலு மணிக்குச் சம்மாட்டி வந்தார். ஜீப்பைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். தன் மார்புக்கும் பொனட்டுக்கும் உயரம் பார்த்தார்.

"இப்பதான் இது ஜீப்" என்றார்.

"பாத்து ஓடுங்கோ, சம்மாட்டியார். மெதுவா ஓடுங்கோ. திங்கள் காலமை ஒருக்காக் கொண்டு வாங்கோ, சின்ன வேலை ஒண்டு மிச்சம் இருக்கு."

"என்ன வேலை?"

"சின்ன வேலை."

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற பிழை இது. வண்டியில் ஒரு குறை இருப்பது எங்களுக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொன்னால் மானம் போகும், அல்லது ஆள் சத்தம் போடுவார். அதற்காக "பாத்து ஓடுங்கோ" என்கிறோம். சொல்லிவிட்டோம் என்று மனதுக்கு ஒரு ஆறுதல். கேட்கிறவருக்கு அது 'போய்ட்டு வாங்கோ' என்பது மாதிரி. குறையை அவருக்குச் சொல்லவில்லை, நாங்கள் தப்பிக்க ஒரு வழி வைத்துக்கொண்டோம், அவ்வளவுதான். இந்த இரண்டு சொல்லையும் கராஜில் தடை செய்ய முடியுமென்றால் செய்திருப்பேன்.

என் மனைவியின் தங்கை அந்த ஊரில்தான் கல்யாணம் செய்திருக்கிறாள். திருநாளுக்கு ஒவ்வொரு வருசமும் போவோம். அந்த ஞாயிற்றுக்கிழமையும் வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு போனேன். பூசையில் என்ன வாசித்தார்கள் என்று இன்றும் தெரியாது. கண்ணை மூடினால் சுண்டுவிரல் நகம்தான் தெரிந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தபோது ஜீப் கோவில் வாசலில் நின்றது. பூவும் கடதாசிச் சோடினையும் சுற்றிக் கட்டியிருந்தார்கள். சொரூபம் உண்மையிலேயே உயரத்தில், தூரத்தில் நிற்கிறவனுக்கும் தெரிகிற மாதிரி நின்றது. அதன் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள இரண்டு பேர். காலடியில் சிறகு கட்டிய நாலு பிள்ளைகள். ஆகச் சின்னது சம்மாட்டியின் பேத்தி. ஐந்து வயதிருக்கும். ஒரு சிறகு கழன்று தோளில் தொங்கியது, அதைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். சம்மாட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராக உட்கார்ந்திருந்தார்.

வாத்தியமும் பாட்டும் தொடங்க ஜீப் நகர்ந்தது. எல்லாரும் சொரூபத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். நான் முன் சில்லைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். தார் ரோட்டில் ஒரு குறையும் இல்லை. முதல் வளைவு, இரண்டாம் வளைவு. என் மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. அடுத்த சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் கோவில் வந்துவிடும்.

சந்தியில் ஜீப் நின்றது. முன்னால் மைக்கில் செபம் சொல்லிக்கொண்டு போனவர் அறிவித்தார். இந்த வருசம் புனிதர் கடற்கரைக்கு இறங்கி வள்ளங்களை ஆசீர்வதிப்பாராம். சம்மாட்டியின் ஏற்பாடு. நாலு அங்குலம் எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சந்திக்கும் கடற்கரைக்கும் நடுவில் ஒரு மணல் மேடு இருக்கிறது, அடுத்த வாடிக்காரரின் ஜீப் அதில் இறங்காது. இவருடையது இறங்கும் என்று ஊருக்குக் காட்டவேண்டும்.

அந்த மேடு நேரான இறக்கமும் இல்லை. குறுக்காகச் சரிந்து கிடக்கும். ஒரு சில்லு மேலே நிற்க, மற்றது பள்ளத்தில் இறங்கும். அப்படி இறங்கும்போது சேசிஸ் ஒரு பக்கம் முறுகும், பாடி மறுபக்கம் இழுக்கும். நடுவில் இருப்பது நகத்தளவு பிடித்த தண்டு. கீழே வள்ளங்களின் இரண்டு பக்கமும் சனம் வரிசையாக நின்றது. ஆசீர்வாதத்துக்குக் கைப்பிள்ளைகளோடு வந்த பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். ஸ்டியரிங் விட்டால் ஜீப் போய்ச் சேருவது அவர்கள் மேல்.

சத்தம் போட எனக்கு வராது. அவ்வளவு சனம். முதலில் பக்கத்தில் நடந்தவரிடம் மெதுவாகச் சொன்னேன். "ஸ்டியரிங் சரியில்லை, நிப்பாட்டச் சொல்லுங்கோ." வாத்தியச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "ஆ? ஓம் ஓம், நல்ல வடிவு" என்றார். ஜீப்பின் முன் சில்லு தார் ரோட்டை விட்டு மணலில் கால் வைத்தது.

ஓடிப்போய் ஜீப்பின் முன்னால் நின்று இரண்டு கையையும் பொனட்டில் வைத்தேன்.

"இறக்காதேங்கோ!"

"என்ன?" என்றார் சம்மாட்டி.

"இறக்காதேங்கோ! ஸ்டியரிங் கழரும்!"

செபம் சொல்கிறவர் மைக்கோடு எனக்குப் பக்கத்தில் நின்றதை நான் கவனிக்கவில்லை. என் குரல் ஒலிபெருக்கியில் ஏறிக் கடற்கரை முழுவதும் போனது. வாத்தியம் நின்றுவிட்டது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அந்த ஒருமுறைதான். அதுவும் என் பிழையைப் பற்றி.

சம்மாட்டியின் முகம் சிவந்தது. "நேற்றுத்தானே செய்து தந்தனீர்?"

"ஓம்."

"அப்ப ஒண்டும் சொல்லேல்லையே?"

"மெதுவா ஓடுங்கோ எண்டு சொன்னனான்."

"அது எல்லாரும் சொல்லுறதுதானே ஐயா!"

அவர் சொன்னது முழுக்கச் சரி. கூட்டத்தில் ஒருவர், "பாஸுக்கு வெயில் ஏறிட்டுது, நிழலில இருத்துங்கோ" என்றார். இன்னொருவர், "அடுத்த வாடியில இருந்து அனுப்பி விட்டிருப்பாங்கள்" என்றார். சிரிப்பு எழும்பியது. அந்தச் சிரிப்பு சம்மாட்டியைச் சுட்டுவிட்டது.

"அப்பிடியோ? அவன்தானே உன்னை அனுப்பினவன்?" என்றார். 'நீர்' போய் 'நீ' வந்துவிட்டது.

சுவாமி கிட்ட வந்தார். "சத்தம் போடாதேங்கோ. பாஸ், எங்க பிழையெண்டு காட்டும், பாப்பம்."

பொனட்டைத் திறந்து தண்டைக் காட்டினேன். வெளியில் பார்க்க ஒரு குறையும் தெரியாது. சம்மாட்டி ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டினார், சில்லு திரும்பியது. நான் கையைவிட்டுத் தண்டை இழுத்தேன். வரவில்லை. வெள்ளைச் சேட்டோடு குனிந்து இரண்டு கையாலும் இழுத்தேன். அசையவில்லை.

"பாத்தீங்களோ சுவாமி? மலை மாதிரி நிக்குது" என்றார் சம்மாட்டி.

நீங்கள் இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். நெருக்கடியில் உங்கள் கையில் சாட்சி இருக்காது. உடைந்த பிறகுதான் உடைந்ததைக் காட்டலாம். அதற்கு முன் உங்களிடம் இருப்பது நீங்கள் செய்த வேலையைப் பற்றிய உங்கள் அறிவு மட்டும். நான் நிமிர்ந்து, மைக் எங்கே என்று பார்க்காமலே சொன்னேன்.

"இந்த இடத்தில கழராது. அங்க கட்டாயம் கழரும் எண்டும் சொல்லமாட்டன். கழரலாம். இதுக்கு ஒரு துண்டு வைக்கவேணும், நான் வைக்கேல்லை. அவசரத்தில பூட்டினனான். வைக்கேல்லை எண்டு சம்மாட்டியாருக்குச் சொல்லவும் இல்லை. பிழை என்ர."

ஒருவரும் சிரிக்கவில்லை. நம்பினார்கள் என்றும் சொல்லமுடியாது.

"நான் இறக்கத்தான் போறன்" என்றார் சம்மாட்டி. "தள்ளி நில்."

எஞ்சினை முடுக்கினார். கியரைப் போட்டார். நான் அசையவில்லை. வீரத்தால் இல்லை, எந்தப் பக்கம் தள்ளி நிற்பதென்று தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்தார், கீழே கடற்கரையைப் பார்த்தார், பிறகு ஒருமுறை பின்னுக்குத் திரும்பிப் பார்த்தார். பேத்தி தன் சிறகைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். பின்பக்கம் போய், பேத்தியைத் தூக்கிக் கீழே விட்டார்.

"நீ அம்மாவோட நட, மகள்."

"நான் இறங்கமாட்டன், அப்பப்பா!"

"நட எண்டு சொன்னனான்."

பிள்ளை அழத் தொடங்கியது. அவர் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் திரும்பி வந்து ஏறி உட்கார்ந்தார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை என்பதை ஊருக்கு இன்னும் காட்டவேண்டியிருந்தது. ஆனால் ஊர் அவர் சொன்னதைப் பார்க்கவில்லை, செய்ததைப் பார்த்தது. மற்றொரு பிள்ளையின் தாய் வந்தாள். "அவளுக்கும் கால் விறைச்சிருக்கும், கொஞ்சம் நடக்கட்டும்" என்று சொல்லி இறக்கிக்கொண்டு போனாள். அடுத்தவள் ஒன்றும் சொல்லாமலே இறக்கினாள். நாலாவது பிள்ளை தானே குதித்தது. சொரூபத்தைப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் சோடினை அவிழ்ந்திருக்கிறது, பார்க்கவேண்டும் என்று சொல்லி இறங்கினார்கள். இறங்கினவர்கள் ஏறவில்லை.

ஜீப்பில் மிஞ்சியது சம்மாட்டியும் புனிதரும்தான்.

 சுவாமி மெதுவாகக் கேட்டார். "சம்மாட்டியார், அவரையும் இறக்குவமோ?"

சம்மாட்டி சாவியைக் கழற்றிச் சேட் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தார். கீழே இருந்து இரண்டு வள்ளத்துக் கம்புகளைக் கொண்டுவந்து பலகையின் கீழே கொடுத்துக் கட்டி, எட்டுப் பேர் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு மணலில் இறங்கினார்கள். பாட்டு மறுபடி தொடங்கியது. நான் ஜீப்புக்குப் பக்கத்திலேயே நின்றேன். சனத்துக்குள் போக முகம் இல்லை.

திங்கட்கிழமை கரண்ட் இருந்தது. நீட்டுத் துண்டோடு நானாவும் என் மோட்டார்சைக்கிளில் ஏறி வந்தார். ஜீப் அதே மேட்டில் நின்றது. நாலு ஆடுகள் அதைச் சுற்றி நின்று பூமாலையைத் தின்றுகொண்டிருந்தன. சம்மாட்டியும் வந்தார். வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. ஆணியைத் தளர்த்தினேன். ஒரு விரலால் இழுக்கத் தண்டு வெளியே வந்தது. பற்களில் பிடித்த அடையாளம் நுனியில் மட்டும், நகத்தளவு. அவருக்குக் காட்டினேன்.

பார்த்தார். "ஆனா கழரேல்லைத்தானே?"

"இல்லை."

"அப்ப?"

எனக்கு இதற்கு மறுமொழி தெரியவில்லை. இன்றும் தெரியாது. நானாதான் கீழே குந்தியிருந்தபடி சொன்னார்: "கழண்டிருந்தா இந்தக் கேள்வியைக் கேக்க நீங்கள் இருந்திருக்கமாட்டீங்கள், சம்மாட்டியார்."

அவர் நானாவை முறைத்தார். பிறகு என்னிடம், "சரி, அந்தத் துண்டைப் போடும். உயரம் அப்பிடியே இருக்கட்டும்" என்றார்.

இவ்வளவுக்கும் பிறகு! துண்டைப் போட்டால் ஸ்டியரிங் சரியாகிவிடும், உண்மை. உயரம் சரியாகாது. திருநாள் ஒரு நாள். மற்ற நாளெல்லாம் அந்த ஜீப்பில் மீன் பெட்டிக்கு மேலே வலை இழுக்கிறவர்கள் ஏறி வருவார்கள். காலையில் பேத்தி அதில்தான் பள்ளிக்கூடம் போவாள். எல்லாம் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன்.

"முடியாது" என்றேன். கடல் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை.

"என்ன?" என்றார்.

"முடியாது, சம்மாட்டியார்." இந்த முறை ஆடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன. "ரெண்டும் வைச்சுத் தரமாட்டன். ஸ்பிரிங் வேணுமோ, பாடி வேணுமோ, ஒண்டைச் சொல்லுங்கோ. மற்றதை இப்பவே இறக்கிறன். ரெண்டும் வேணுமெண்டா வேற ஆளிட்டக் கொண்டு போங்கோ. கொண்டு போகமுதல் என்ன நடந்ததெண்டு அந்த ஆளுக்கும் நான் சொல்லுவன்."

நானா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அது அதிசயம்.

சம்மாட்டி அடுத்த வாடிப் பக்கம் பார்த்தார். அங்கே மற்ற ஜீப் நிழலில் நின்றது.

"அப்ப அவன்ர மூண்டு, என்ர ரெண்டோ?"

"ரெண்டு."

குனிந்து ஜீப்பின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு, "வயிறு முட்டக்கூடாது. ஸ்பிரிங் இருக்கட்டும்" என்றார். எங்கே முட்டுகிறது என்று ஒருவழியாக அவரே சொல்லிவிட்டார். நான் பாடிக் கட்டைகளைக் கழற்ற மணலில் மல்லாந்து படுத்தேன். ஜாக்கி மோட்டார்சைக்கிளில் இருந்தது. எழும்பப் பார்த்தபோது அவர் போய் அதை எடுத்துக்கொண்டு வந்து, என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார்.